நான்குக்கு ஒன்று கூடுதல்

கல்யாணமான இரண்டாம் வருஷம், பனமரத்துப்பட்டி ஏரிக்கரையில் சறுக்கி விழுந்து என் கணவர் வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டார். அவர் சர்வேயர். அளந்ததற்கெல்லாம் கணக்குப் போட்டு அனுப்பியாக வேண்டும். எழுதக் கை இல்லை. சேலத்தில் எட்டாவது வரை படித்திருந்த நான், புதுச்சத்திரத்து வீட்டில் உட்கார்ந்து அவர் சொல்லச் சொல்ல எழுதினேன்.

எண்கள் மட்டுமே அச்சிட்ட ஒரு மெல்லிய புத்தகத்தை அவர் விரித்தார். "பெருக்கவே வேண்டாம் அம்மிணி. ரெண்டு எண்ணுக்கும் லாகரிதம் பாத்துக் கூட்டு. கூட்டுனது எந்த எண்ணோட லாகரிதம்னு தேடு. அதுதான் விடை."

"கூட்டுனா எப்படீங்க பெருக்குனதாகும்?"

"ஆகும். எங்களுக்கு அப்படித்தான் சொல்லிக்குடுத்தாங்க."

மூன்று நாள் நம்பாமலே எழுதினேன். நாலாம் நாள், உலை கொதிப்பதற்குள் சின்ன எண்களை எடுத்துச் சோதித்தேன். இரண்டுக்கு 3010, மூன்றுக்கு 4771. மூன்றுக்கு உள்ளதை இரண்டு முறை கூட்டினால் 9542. மூன்றை மூன்றால் பெருக்கிய ஒன்பதுக்கு எதிரே அதேதான் இருந்தது! ஆனால் ஆறுக்கு 7782. மூன்றும் மூன்றும் கூடினால் ஆறு என்பதைப் பற்றி அந்தப் புத்தகத்துக்கு அக்கறையே இல்லை; பெருக்கல்தான் அதற்குத் தெரியும்.

பிறகு நான்கைப் பார்த்தேன். இரண்டு 3010 சேர்ந்தால் 6020. புத்தகத்தில் 6021.

"ஏனுங்க, புஸ்தகம் தப்புங்க."

அவர் பார்த்துவிட்டு, "அச்சுப் பிழையா இருக்கும்" என்றார். எட்டிலும் 9030-க்குப் பதில் 9031 என்று ஒன்று கூடுதலாக இருந்ததைக் காட்டினேன். அவரும் வாய்க்குள்ளேயே கூட்டிப் பார்த்தார். சோறு குழைந்துபோனது; இருவரும் குறை சொல்லாமல் சாப்பிட்டோம்.

சாயங்காலம் பத்து இரண்டுகளைப் பெருக்கினேன்: 1024. பத்து 3010-ஐக் கூட்டினால் 30100. பத்தால் பெருக்கும்போதெல்லாம் முன்னால் ஒன்று கூடும், ஆயிரத்துக்கு மூன்று என்று அவர் சொல்லியிருந்தார். 1024-க்குப் புத்தகத்தில் 0103; முன்னால் அந்த மூன்றைச் சேர்த்தால் 30103. பத்து இரண்டுகளில் மூன்று குறைகிறது.

"அப்படீன்னா ஒவ்வொரு ரெண்டுலயும் ஒரு சின்னத் துண்டு விட்டுப்போயிருக்குதுங்க. 3010 இல்லீங்க, அதுக்கு மேல கொஞ்சம். பத்துல மூணு பங்கு."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ரெண்டு துண்டு சேந்தா ஆறு பங்கு. அரைக்கு மேல. அதான் ஒண்ணாக்கிட்டாங்க!" எத்தனையோ வருஷம் அந்தப் புத்தகத்தைப் புரட்டியவர், முதல்முறை பார்ப்பவர்போல அதை வாங்கிப் பார்த்தார்.

கட்டு அவிழ்த்த பிறகும் கணக்குத் தாள்களை என்னிடமே கொடுத்தார். "நீ பாரு, நான் சரி பாக்கறேன்" என்றார்.

ஒருநாள் பூஜ்யத்துக்கு லாகரிதம் தேடினேன். எந்தப் பக்கத்திலும் இல்லை. ஒன்றைப் பத்தால் வகுத்தேன்; லாகரிதத்தில் ஒன்று குறைந்தது. மறுபடி வகுத்தேன்; இன்னொன்று குறைந்தது. தாள் முடியும் வரை வகுத்தும் பூஜ்யம் வரவில்லை. இன்னொரு தாள் எடுத்துக்கொண்டேன்.