ஒரு பனியாறு, இரண்டு பெயர்கள்

யாங்கோன், பான்சோடான் தெரு. நடைபாதைப் புத்தகக் கடைகளை எண்ணிக்கொண்டே வந்து பதினைந்தாவதில் நிற்கிறேன். கடைக்காரர் காசிம், நம்மூர்க்காரரின் பேரன், கையால் வரைபடம் வரைகிறார். வடக்கு மலைகளின் படம் அது. வெளிர்நீலத்தில் ஏழு பனியாறுகள். ஆறுக்குப் பெயர் இருக்கிறது, ஏழாவதற்கு இல்லை.

படம் கேட்டிருந்த பள்ளி ஆசிரியை டோ மியா முக்காலியில் காத்திருக்கிறார். பெயரில்லாமல் வாங்க மாட்டாராம். எனக்குத்தான் பதற்றம்.

"ஏதாவது ஒன்றை எழுதிவிடுங்களேன்."

"நா வச்சா அது பேராகுமா, சயா? அங்க இருக்கறவங்க வச்சிருப்பாங்கல்ல?"

வாத்தியாரை இங்கே சயா என்பார்கள். என் தொழிலை எப்படியோ கண்டுபிடித்துவிட்டார்.

வடக்கே மலையேறிகளுக்குச் சுமை தூக்கும் ஒருவருக்குப் போன் போடுகிறார். ஐந்தாவது முறைதான் கிடைக்கிறது. பேசி முடித்ததும் அவர் முகம் மலர்கிறது. அந்தப் பனி இருபுறமும் உருகி இரண்டு ஓடைகளாக இறங்குகிறதாம். ஒவ்வொரு பக்கத்து ஊரும் தன் ஓடையின் பெயரையே பனியாற்றுக்கும் வைத்திருக்கிறது.

இரண்டு பெயர்களையும் அந்தந்த ஊர்ப் பக்கமாகவே எழுதுகிறார்.

டோ மியா பர்மிய மொழியில் ஏதோ கேட்கிறார்.

"என்ன கேட்கிறார்?"

"பரீட்சையில எதுக்கு மார்க்குன்னு கேக்குறாங்க. ரெண்டுக்கும் குடுங்க, ரெண்டு ஊரும் அந்தத் தண்ணியத்தான குடிக்குதுன்னேன்."

டோ மியா சிரித்தபடி படத்தைச் சுருட்டப் போகிறார். மை காயவில்லை என்று கத்துகிறேன். மூவரும் குனிந்து ஊதுகிறோம்.