அழாத கார்

எழுபதுகளின் கடைசியில் போலகம் சாலையில் ஒரு ஷெட்டில் மெக்கானிக்காக இருந்தேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். கார்களோடு வரும் இங்கிலீஷ் புத்தகத்தில் படமும் எண்ணும்தான் எனக்குப் புரியும். எங்களிடம் வரும் கறுப்பு வாடகைக் கார் ஒன்றின் புத்தகத்தில், கியர் பெட்டிப் படத்துக்குக் கீழே 30 என்று போட்டிருந்தது. இஞ்சினுக்கு ஊற்றும் அதே இளக்கமான ஆயில். பின் அச்சுக்கு ஊற்றும் 140 வெல்லப்பாகு மாதிரி இருக்கும்.

அந்தக் காரின் சொந்தக்காரரே அதை ஓட்டினார். கல்யாணச் சவாரியும் ஆஸ்பத்திரிச் சவாரியும்தான் அவர் பிழைப்பு. ஒரு நாள் காலை வந்து கதவை அறைந்து சாத்தினார்.

"தம்பி, ரெண்டாம் கியர்ல ஒப்பாரி வைக்குது. பொண்ணழைக்கப் போனா, அழுவுற கார்ல எங்க பொண்ணு ஏறாதுங்கறாங்க."

"பேரிங் போயிருக்கும்ண்ணே. பெட்டியை இறக்கிப் பாத்துடலாம். நாலஞ்சு நாள் ஆவும்."

"நாளைக்கு முகூர்த்தம்டா! கெட்டி ஆயிலை ஊத்து, அடங்கிடும். என்ன முழிக்கிற, வாயில கொழுக்கட்டையா?"

கெட்டி ஆயில் அந்தப் பேரிங்கின் சந்துக்குள் போகாது என்று சொல்லியிருக்க வேண்டும். எதிரில் நிற்பவரிடம் வேண்டாம் என்று சொல்ல எனக்கு அப்போது வராது. இப்போதும் அவ்வளவாக வராது. பழையதை வடித்துவிட்டு 140 ஊற்றினேன். அது உள்ளே இறங்கவே நேரம் பிடித்தது.

ஒரு சுற்று ஓட்டி வந்தவர் சிரித்தார். "பாத்தியா, பூனை மாதிரி போவுது."

"கல்யாணம் முடிஞ்சதும் கொண்டாங்கண்ணே."

கொண்டுவரவில்லை. சத்தம் போடாத காரை யார் கொண்டுவருவார்கள்?

மூன்றாவது வாரம், பட்டினச்சேரியிலிருந்து பிரசவ வலியில் துடித்த ஒரு பெண்ணை ஏற்றிக்கொண்டு காரைக்கால் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார். நிரவி வருவதற்குள் கியர் பெட்டி இறுகிக் கார் நின்றுவிட்டது. மாட்டுவண்டி பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் குழந்தை போய்விட்டது. தாய் பிழைத்துக்கொண்டாள்.

பெட்டியை நான்தான் பிரித்தேன். பேரிங் நீலம் பாரித்துக் கருகியிருந்தது. ஆயில் அங்கே எட்டவே இல்லை. அவர் பக்கத்தில் நின்று, "சத்தமே இல்லையேடா, நல்லாத்தானே ஓடுச்சு" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

புதுப் பேரிங் போட்டேன். தேய்ந்த பல்சக்கரங்களை மாற்ற அவருக்கு வசதியில்லை. அவரைக் கேட்காமலே 30 ஊற்றினேன்.

"மறுபடி அழுவுமேடா?"

"அழட்டும்ண்ணே."



சில வருஷம் கழித்து, குழந்தையைப் பறிகொடுத்த அந்தப் பெண் மீன்கூடையோடு எங்கள் சாலைக்கு வர ஆரம்பித்தாள். வெயில் ஏறினால் ஷெட்டின் தகரக் கூரை நிழலில் கூடையை இறக்கிவைப்பாள். ஒரு நாள் அந்தக் கறுப்புக் கார் முனகிக்கொண்டே எங்களைக் கடந்து போனது. அவள் அதையே பார்த்தாள்.

"இந்தக் காரு எப்பவும் அழுதுகிட்டேதான் போவுதுல்ல, அண்ணே? நான் போன அன்னிக்கு மட்டும் அழுவல. கம்முனு வந்துச்சு. கம்முனு நின்னுபோச்சு."

கையிலிருந்த ஸ்பேனரைத் துடைத்தேன். ஏற்கெனவே துடைத்ததுதான். வாயைத் திறந்தேன் என்று நினைக்கிறேன். அதற்குள் அவள் கூடையை மூடியிருந்த ஓலையை விலக்கி, "மத்தியா, கெளுத்தியா?" என்று கேட்டாள்.

"எதுவானாலும் சரிம்மா."

கார் வளைவு திரும்பும்வரை சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

இன்று காலையும் அவளிடம்தான் மீன் வாங்கினேன்.