முனியாண்டி வளைவில் நிறுத்தாத கார்

பெரிய மனிதர் ஒருவர் மோட்டார் விபத்தில் இறந்தால் செய்தித்தாளில் அவருடைய படம் வரும். கவிழ்ந்து கிடக்கும் காரின் படமும் வரும். அதை ஓட்டியவனுக்கு, ‘சாரதி காயங்களுடன் உயிர் தப்பினார்’ என்ற ஒரு வரி கிடைக்கும். ஐம்பதுகளின் நடுவில் வந்த அப்படிப்பட்ட ஒரு வரிக்குள் என் அக்காளின் கணவர் இருந்தார்.

பொகவந்தலாவைக் கடைத்தெருவில் தேநீர்க் கடை வைத்திருந்த முஸ்லிம் பெரியவரான நானா, அந்தப் படங்களைக் கத்தரித்துச் சுவரில் ஒட்டுவதை வழக்கமாகக் கொண்டிருந்தார். நாடக நடிகர் ஒருவர், பந்தயக் கார் ஓட்டிய வெள்ளைக்காரர், எந்த நாட்டினள் என்று எவருக்கும் தெரியாத ஓர் இளவரசி என எல்லோரும் காரில் மாண்டவர்கள்.

“நடந்து போறவன் நரைச்சுப் போயும் நடந்துக்கிட்டுத்தான் இருக்கான். காருல போறவன் இந்தா, நம்ம செவத்துக்கு வந்துர்றான்” என்பார் நானா.

அத்தான் சிரிப்பார். “அப்ப அந்தக் காரை ஓட்டுறவன், நானா?”

“உன்னைய எவன்டா படம் புடிக்கப் போறான்? டீயக் குடிச்சிட்டுக் கெளம்பு!”

அத்தான், கடைத்தெரு முதலாளி ஒருவரின் வாடகைக் காரை ஓட்டினார். அட்டன் இரயில் நிலையத்துக்கு வரும் பயணிகளை எங்கள் பள்ளத்தாக்குக்கு அழைத்து வருவது அவர் தொழில். வழியில் நீண்டதோர் இறக்கம். வளைவுக்குப் பின் வளைவாகத் தேயிலைச் சரிவுகளுக்கிடையே விழுந்து செல்லும். அதன் நடுவில் பாதை சற்றே அகன்ற இடத்தில், ஒரு கல்லும் ஒரு சூலமுமாக முனியாண்டி இருந்தார். காரோ லொறியோ, அங்கு நில்லாமல் எதுவும் போகாது. அத்தான் இறங்கிச் சக்கரத்துக்கடியில் கல் வைப்பார். சக்கரங்கள் ஒவ்வொன்றின் அருகிலும் குனிந்து கை வைப்பார். பிறகு சூடம் ஏற்றிக் கும்பிட்டு, ஒரு பீடி புகைத்து முடித்த பின்னரே புறப்படுவார். சக்கரத்தைத் தொடுவதும் வழிபாட்டின் ஒரு பகுதி என்றே பயணிகள் நினைத்தார்கள். தோட்டப் பாடசாலையில் ஆசிரியையாக இருந்த நானும் அப்படியே நினைத்திருந்தேன்.

அந்த ஆண்டு எங்கள் தோட்டத்துக் கோயில் திருவிழாவில் பாடுவதற்குக் கடல் கடந்து ஒரு பாடகர் வந்தார். இசைத்தட்டுப் பெட்டி இருந்த கடைகளிலெல்லாம் அவர் குரல் ஒலித்துக்கொண்டிருந்த காலம் அது. இரயில் தாமதமாயிற்று. அத்தான் அவரை ஏற்றிக்கொண்டு வந்தார். நாங்கள் மாலையும் குத்துவிளக்குமாகக் கோயில் வாசலில் காத்திருந்தோம். வந்தது காரன்று, லொறி ஒன்று. அதிலிருந்து குதித்தவன், “பாட்டுக்காரரு போயிட்டாரு” என்றான். சட்டென்று ஒலிபெருக்கி நிறுத்தப்பட்டது.

நடந்ததை அத்தான் ஆசுபத்திரிக் கட்டிலில், முறிந்த இடக்கையை நெஞ்சின்மேல் வைத்தபடி சொன்னார். முனியாண்டி வளைவில் அவர் வேகத்தைக் குறைத்திருக்கிறார். பின்னிருக்கையிலிருந்த பாடகர், “என்னப்பா, கோயிலா? திரும்பி வரும்போது ரெண்டு தேங்காயா ஒடைச்சிடலாம். ஜனங்க காத்துக்கிட்டிருப்பாங்க, போயிடலாமே” என்று தன்மையாகவே கேட்டிருக்கிறார். அத்தான் நிறுத்தவில்லை. சில வளைவுகள் கடந்ததும் பிரேக் பிடிக்காமற் போயிற்று. “மிதிச்சேன், மிதிச்சேன், வண்டி கேக்கல” என்றார். கார் தேயிலைச் சரிவில் உருண்டது. வெளியே எறியப்பட்ட பாடகர் அங்கேயே உயிர் நீத்தார்.

சாமி குத்தம் என்றது தோட்டம். அதில் அத்தானிடம் அவர்களுக்கு இருந்த பரிவும் கலந்திருந்தது. முனியாண்டியே தள்ளிவிட்டால் ஓட்டியவன்மேல் என்ன பிழை? கோயில் தலைவராயிருந்த பெரிய கங்காணி ஆசுபத்திரிக்கே வந்தார்.

“இந்தா பாரு. கோர்ட்டுல, பனியில யாரோ குறுக்க வந்தாங்க, வண்டிய ஒடிச்சேன்னு சொல்லு. அது முனியாண்டிதான்னு ஊருல நாங்க சொல்லிக்கிறோம். லைசன் தப்பிச்சுரும்.”

“யாரும் குறுக்க வரலீங்களே.”

“வந்தாங்கன்னு வச்சுக்கடா! செத்தவரு என்ன சாதாரண ஆளா? பேப்பர்லயெல்லாம் போட்டுட்டான். எவன் தலையிலயாவது கட்டணும்னு பாக்குறாங்க. அது உன் தலையாத்தான் இருக்கணுமா?”

கங்காணி போனதும் அக்கா பிடித்துக்கொண்டாள். அவள் கொழுந்து பறிப்பவள். தோட்டத்து வரிசை வீடுகளில் அவர்கள் குடியிருந்த லயத்துக் காம்பிராவும் அவள் பேரில்தான் இருந்தது. அத்தானுக்கு அந்த உரிமப் பத்திரத்தைத் தவிர உடைமை எதுவும் கிடையாது.

“அவரு சொல்றதுல என்ன தப்புங்க? லைசனைப் புடுங்கிட்டா என்ன செய்வீங்க? உண்மையச் சொல்லிட்டு வந்து, அதையே ஒரல்ல போட்டு இடிச்சு ஆக்கித் தின்னுவீங்களா?”

அத்தான் முறிந்த கையைப் பிடித்தபடி எழுந்து உட்கார்ந்தார்.

“புள்ள, அங்க நாங்க நிப்பாட்டுறது சாமிக்கு மட்டும் இல்ல. பாதி எறக்கத்துல பிரேக் கொதிச்சுரும். ஆற வைக்கணும். தொரமாரும் முதலாளிமாரும் பிரேக் ஆறட்டும்னா நிப்பாங்களா? ‘ஓட்டத் தெரியாதா’ன்னு ஏசுவாங்க. சாமின்னா வாய மூடிக்கிட்டு நிப்பாங்க. அதான் எல்லா டைவரும் சாமின்னே சொல்லிப் பழகிட்டோம். அந்த மனுசன் சாமிக்கும் நிக்கல. ‘ஐயா, பிரேக்கு’ன்னு ஒரு வார்த்த என் வாயில வரல.”

“இப்ப வந்து என்ன ஆகப்போகுது?”

“முனியாண்டிதான் தள்ளுனாருன்னு நான் சொல்லிட்டா, நாளைக்கு நேரமில்லாதவன் எவனாவது ஒரு தேங்காயை வீசிட்டு நிக்காமப் போவான். போறவன் சாவான். நான் சொல்லத்தான் போறேன்.”

அக்கா எழுந்தாள். கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அட்டன் நீதிமன்றம் அன்று நிரம்பி வழிந்தது. பாடகரின் அன்பர்கள் கொழும்பிலிருந்தும் வந்திருந்தனர். ஓட்டுநன் குடித்திருந்தான் என்று கேட்க விரும்பியவர்கள் ஒருபுறமும், முனியாண்டி வந்தார் என்று கேட்க விரும்பிய எங்கள் தோட்டத்தார் மறுபுறமுமாக நின்றார்கள். அத்தான் இருசாராரையும் ஏமாற்றினார். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தவில்லை, பிரேக் சூடேறியிருந்தது, அது தனக்குத் தெரியும் என்றார். மொழிபெயர்ப்பாளர் நம்பாமல் திரும்பக் கேட்டார். அத்தான் அதே சொற்களை அதே ஒழுங்கில் மீண்டும் சொன்னார். நீதவான் அவருடைய உரிமத்தை, விபத்து நடந்த நாளிலிருந்து ஓராண்டுக்கு முடக்கினார்.

கை கூடியபின், உரிமம் மீளும்வரை அவர் தேயிலைத் தொழிற்சாலையில் சாக்குச் சுமந்தார். நானாவின் சுவரில் இப்போது பாடகரின் படமும் இருந்தது. “கழட்டிரவா தம்பி?” என்று நானா குரலைத் தாழ்த்திக் கேட்டபோது, “இருக்கட்டும் நானா. அவருக்கு முன்னால உக்காந்தே குடிக்கிறேன்” என்று சொல்லி, நாள்தோறும் அதே பலகையில் அமர்ந்தார். தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் ஒருத்தி, “வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருந்தா டைவர் பொஞ்சாதியாவே இருந்திருக்கலாம்” என்று குத்திக் காட்டினாள். அக்கா குடத்தை இறக்கி வைத்தாள். “எம் புருசனுக்குப் பொய் சொல்ல வராதுடி. உன் வீட்டுல அப்படி ஒண்ணு இருந்தாக் கூட்டியா, பாப்போம்” என்றாள். அதன் பிறகு எவரும் அவளிடம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

மறு ஆண்டுத் திருவிழாவுக்குக் கொழும்பிலிருந்து பேர்பெற்ற பேச்சாளர் ஒருவர் வந்தார். அத்தானின் உரிமம் அப்போதுதான் மீண்டிருந்தது. முதலாளி, பழுது பார்த்த காரை அவரிடமே கொடுத்திருந்தார். கடைத்தெருவில் ஓய்ந்திருந்த வண்டியும் அது ஒன்றே. பெரிய கங்காணி வேண்டாவெறுப்பாக அதில் ஏறினார். மாலையோடு வரவேற்கச் சென்ற நான் முன்னிருக்கையில் அமர்ந்தேன். இரயில் அன்றும் தாமதம்.

பேச்சாளரை ஏற்றிக்கொண்டு திரும்பும்போது, இறக்கத்தின் நடுவே, முனியாண்டி வளைவில் அத்தான் காரை நிறுத்தினார்.

கங்காணி பொறுமை இழந்தார். “அட, சாமிக்கு நான் மனசுக்குள்ளயே வேண்டிக்கிட்டேன்ப்பா. நீ எடு வண்டிய. கூட்டம் காத்துக்கிட்டிருக்கு.”

“சாமிக்கு இல்லீங்க. பிரேக்குக்கு.”

“ஐயா யாருன்னு தெரியுமா உனக்கு?”

“தெரியுங்க. ஐயாவுக்கு முந்தி வந்தவரையும் எனக்குத் தெரியும். அவசரம்னா எறங்கி நடங்க. நான் ஆற வச்சுத்தான் எடுப்பேன்.”

கங்காணியின் முகம் சிவந்தது. பேச்சாளர் கதவைத் திறந்துகொண்டு இறங்கினார். அவர் சினந்துவிட்டார் என்றே எண்ணினேன். அத்தான் சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டுக் குனிந்து நின்ற இடத்துக்கு அவர் போனார்.

“எவ்வளவு நேரம் ஆகும்?”

“கை வச்சா சுடாம இருக்குற வரைக்கும்ங்க.”

பேச்சாளர் தம் வெள்ளைச் சட்டையின் கையை மடித்துவிட்டுக் குனிந்து, சக்கரத்தில் கை வைத்தார். உடனே இழுத்துக்கொண்டு விரல்களை உதறினார். பிறகு, மூடுபனி ஏறிவந்த சரிவைப் பார்த்தபடி, முனியாண்டிக் கல்லருகில் நின்றார். கங்காணியும் இறங்கி வந்தார். அத்தான் சூடம் ஏற்றிக் கும்பிட்டார். ஒரு பீடி பற்ற வைத்தார். மறுபடி சக்கரத்தில் கை வைத்துப் பார்த்தார்.

“இன்னும் கொஞ்சம்” என்றார்.