இருக்கன்குடியில் ஒரு தாய்மாமன்

வெள்ளிக்கிழமை காலை 7.30. மதுரை பஸ் என்னைச் சாத்தூரில் இறக்கிவிட்டது. சாத்தூர் வந்து காராச்சேவு வாங்காமல் போகிறவன் அல்ல நான். கால் கிலோ வாங்கிப் பையில் போட்ட பிறகுதான் முத்துராஜைத் தேடினேன்.

முத்துராஜ் சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் தரைச்சக்கரம் சுற்றுகிறவன். இரண்டு வருடத்துக்கு முன் எங்கள் சபைக் கூட்டம் ஒன்றில், யார் வேண்டுமானாலும் வரலாம் என்று இயேசுவின் பேரில் போதகர் அழைத்தபோது எழுந்து முன்னே வந்தான், ஞானஸ்நானமும் பெற்றான். அந்த அழைப்பைக் கேட்டுக் கேட்டே வளர்ந்த நான் பெஞ்சைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். இன்று அவன் அக்கா மாரீஸ்வரியின் மகளுக்கு அம்மன் கோயிலில் மொட்டை, காதுகுத்து. துணைக்கு வரச் சொல்லியிருந்தான்.

இருக்கன்குடி எட்டு கிலோமீட்டர். ஷேர் ஆட்டோவில் தலைக்கு முப்பது ரூபாய். அவன் மடியில் சீர்த்தட்டு இருந்தது. பட்டுப்பாவாடை, வளையல், தங்கக் கம்மல்.

"பிள்ளையை உன் மடியில உட்கார வைப்பாங்களா?" என்று கேட்டேன்.

"தெரியலண்ணே. அதுக்காக தாய்மாமன் வராம இருக்க முடியுமா?"

மணி 8.45. ஆற்றங்கரையில் பொங்கல் பானைகள் கொதித்தன. அக்கா வீட்டுக்காரர் முத்துராஜைத் தனியே அழைத்துப் போனார். நானும் விடாமல் கூடவே போனேன். அவர் தணிந்த குரலில்தான் பேசினார்.

"மாப்ள, அம்மனைக் கும்பிட்டு திருநீறு பூசிட்டு உக்காரு. வேற ஒண்ணும் கேக்கல. எங்கப்பா பிடிவாதம் உனக்குத் தெரியும்ல."

பூசிக்கொள்ளப்பா, யார் பார்க்கப்போகிறார்கள் என்று எனக்கு வாய்வரை வந்துவிட்டது.

"மனசில்லாமப் பூசினா உங்களையும் ஏமாத்துனதாயிரும் மச்சான். சும்மா என் மடியில வச்சுக்கிடுறேனே" என்றான் முத்துராஜ்.

அவர் தன் அப்பாவிடம் போய்ச் சொன்னார்; பெரியவர் முடியாது என்று தலையசைத்தார்.

மொட்டை எடுப்பவர் கத்தியைக் கழுவிக்கொண்டே, "தாய்மாமன் யாருங்க, வந்து உக்காருங்க" என்றார். முத்துராஜ் ஓரடி வைத்து நின்றுவிட்டான். அவனுடைய பெரியப்பா மகன் போய் உட்கார்ந்தான். குழந்தை முத்துராஜைப் பார்த்துக் கையை நீட்டி அழுதது. காது குத்தி முடியும்வரை அவன் நகரவில்லை. கிளம்பிப் போயிருந்தால் எனக்காவது நிம்மதியாக இருந்திருக்கும்.

மணி 11. படையல் முடிந்து பந்தி போட்டார்கள். சாமிக்குப் படைத்த சோற்றை அவன் சாப்பிடுவதில்லை என்பதால் புறப்பட்டோம். ஆட்டோ நிற்கும் இடத்துக்கு மாரீஸ்வரி தூக்குச்சட்டியோடு ஓட்டமாக வந்தாள்.

"பொங்கல்தாம்லே. படைக்கிறதுக்கு முந்தியே உனக்குன்னு எடுத்து வச்சிட்டேன். இங்கனயே உக்காந்து தின்னு."

"உங்க மாமனாருக்குத் தெரிஞ்சா என்னக்கா ஆகும்?"

"அத நான் பாத்துக்கிடுறேன்."

அம்மனுக்கு வைக்குமுன் ஒரு கரண்டிகூட எடுக்கக் கூடாத பானை அது. அவளோ அம்மனை மனதார நம்புகிறவள். அவன் அழுதுகொண்டே சாப்பிட்டான். சட்டி காலியாகும்வரை அவள் பக்கத்திலேயே நின்றாள்.

மதுரை பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. எங்களுடையது நான்கு தலைமுறைக் கிறிஸ்தவக் குடும்பம். சொந்தத்தில் எந்த விசேஷம் என்றாலும் எனக்கு முன்வரிசை உண்டு. என் விசுவாசத்துக்காக யாரும் எனக்குத் தனியாகச் சோறு எடுத்துவைக்க நேர்ந்ததே இல்லை.