கூலாய்த் தோட்டத்தில் ஐந்து மேடுகள்

காலை ஆறு பத்துக்கு ஜொகூரின் லார்கின் பேருந்து நிலையத்தில் இறங்கினோம். வடக்கே கெடாவின் சுங்கைப் பட்டாணியிலிருந்து ஏறக்குறைய எழுநூறு கிலோமீட்டர். டிக்கெட் காசு தலைக்கு எண்பத்தைந்து வெள்ளி. என் மனைவி சரோஜா வழியெல்லாம் தூங்கினாள். எனக்குத் தூக்கமில்லை. இருபத்திரண்டு வருடம் லாரி ஓட்டியவனுக்கு இன்னொருவன் ஓட்டும் வண்டியில் கண் மூடாது என்று அவளிடம் சொல்லிவைத்தேன். அது பாதி உண்மை. மீதி என் சட்டைப் பையில் இருந்தது. நான்காய் மடித்த ஒரு பிறப்புப் பத்திரம்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சென்ற வருடம் என் அம்மா காமாட்சி தவறிப்போனார். அவர் அலமாரியைச் சுத்தம் செய்தபோது, சேலைகளுக்கு அடியில் ஒரு பால்மாவு டின். அதற்குள் இந்தப் பத்திரம். தேதி நான் பிறந்த தேதி. இடம் கூலாய்ப் பக்கத்தில் ஒரு தோட்டம். தாய் பெயர் அஞ்சலை. அறுபத்தேழு வயதில்தான் எனக்கு இன்னொரு அம்மா இருந்தாள் என்று தெரிந்தது.

சொந்தக்காரர்களைக் கேட்டேன். ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள். பதிவு அலுவலகத்திலும் விசாரித்தேன். அவள் இருக்கிறாளா இல்லையா என்பதே தெரியாமல் வந்து நிற்பவனிடம் அவர்கள்தான் என்ன சொல்ல முடியும்? எனக்கு வேண்டியது ஒரே ஒரு பதில். அஞ்சலை செத்துப்போய் நான் கைமாறினேனா, அல்லது உயிரோடு இருந்துகொண்டே என்னைத் தூக்கிக் கொடுத்தாளா? பிறந்த தேதி கையில் இருக்கிறது. இத்தனை வருடத்துக்குப் பிறகு அவள் உயிரோடு இருக்க வாய்ப்பில்லை; கல்லறையில் இறந்த தேதி இருந்தால் போதும், கணக்கு தெரிந்துவிடும் என்று கிளம்பினேன்.

ஏழரை மணிக்கு ரொட்டி சானாயும் தேத்தண்ணீரும் சாப்பிட்டுவிட்டு வாடகைக் காரில் ஏறினோம். கூலாய் டவுனுக்கு முப்பது கிலோமீட்டர், தோட்டத்துக்கு மேலும் ஒன்பது. எல்லாம் சேர்த்து ஐம்பத்தைந்து வெள்ளி பேசினார் ஓட்டுநர். பக்கத்திலிருக்கும் தம்போய் ஊர்க்காரர், பெயர் குணா, நாற்பது வயதிருக்கும்.

"என்ன அங்கிள், கூலாய்ல கல்யாணமா?"

"சுடுகாட்டுக்குப் போறோம்."

"அலமாக்! பசியாறுன கையோடவா?" என்று சிரித்தவர், கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். கொஞ்ச தூரம் போனதும் சமாதானமாகச் சொன்னார்: "சீக்கிரம் பாத்துக்குங்க அங்கிள். இங்க தோட்டமெல்லாம் வீடு கட்டித் தாமானா மாறுது. செத்தவனுக்குக்கூட வீடு மாத்திக் குடுக்குறாங்க லா. உசுரோட இருக்குற எனக்குத்தான் இன்னும் லோன் கெடைக்கல."

இந்த மாதிரிப் பேச்சைக் கேட்டால் நான் பாக்கெட் நோட்டை எடுத்து எழுதிக்கொள்வேன். லாரிக்காரனுக்குப் பள்ளிக்கூடமே வழியில் பார்ப்பவர்களின் வாய்தான். அன்றைக்கு எழுத முடியவில்லை. நெடுஞ்சாலையிலிருந்து பிரியும் கூலாய் வெளிவாசலைக் கார் நெருங்கிக்கொண்டிருந்தது.

இந்த நெடுஞ்சாலை எனக்குப் புதிதில்லை. பட்டர்வொர்த்திலிருந்து பாசிர் கூடாங்கிற்கு வாரம் ஒருமுறை சரக்கு ஏற்றி வந்திருக்கிறேன். இதே கூலாயில் வண்டியை ஓரங்கட்டி எத்தனையோ தடவை தேநீர் குடித்திருக்கிறேன். அந்தக் கடை இருந்த இடத்தைச் சரோஜாவிடம் காட்டினேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

எட்டே முக்காலுக்குத் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் இறங்கினோம். சுற்றிலும் எண்ணெய்ச் செம்பனை மரங்கள். தொழிலாளர் குடியிருந்த பழைய லயங்கள் இருந்த இடத்தில் சிமெண்டுத் தரைகள் மட்டும் கிடந்தன. கோயில் செயலாளர் செல்வராஜு எழுபத்து மூன்று வயதுக்காரர். இந்தத் தோட்டத்திலேயே பிறந்தவர். புதைகுழிப் பதிவு நோட்டு அவரிடம்தான் இருக்கிறது. தோட்டம் கைமாறியபோது, ஆபீசில் இருந்த பழைய புத்தகத்தைப் பார்த்து அவரே உட்கார்ந்து எழுதிய பிரதி அது.

"அஞ்சலையா?" என்றார். "நீங்க அதுக்கு என்ன வேணும்?"

நான் பத்திரத்தை நீட்டினேன். படித்தார். என்னைப் பார்த்தார். மறுபடி படித்தார்.

"குந்துங்க தம்பி" என்றார். குரல் மாறியிருந்தது.

நோட்டைத் திருப்பி ஒரு பக்கத்தில் விரலை வைத்தார். அஞ்சலை என்ற பெயருக்கு நேராக ஐந்து வரிகள். பெண் பிள்ளை, ஒன்பது நாள். ஆண் பிள்ளை, ஆறு நாள். ஆண் பிள்ளை, பதினோரு நாள். பெண் பிள்ளை, ஒரு மாதம். ஐந்தாவது வரி: ஆண் பிள்ளை, மூன்று நாள். பக்கத்தில் பிறந்த தேதி.

அது என் தேதி.

சரோஜாதான் முதலில் வாயைத் திறந்தாள். "அப்ப இவரு யாருண்ணே?"

"வாங்க தங்கச்சி, காட்டுறேன்."

செம்பனைக்குள் நானூறு அடி நடை. காய்ந்த மட்டைகளை ஒதுக்கிக்கொண்டு அவர் முன்னால் போனார். நடுவில் நீல ஓடு பதித்த ஒரு கல்லறை. அஞ்சலை என்று பெயர். இறந்த தேதியைப் பார்த்தேன். நான் தேடி வந்த தேதி அதுதான். பதினான்கு வருடங்களுக்கு முந்தைய தேதி.

என்னைப் பெற்றபின் அரை நூற்றாண்டுக்கு மேல் உயிரோடு இருந்திருக்கிறாள். நான் தேநீர் குடித்த கடைக்கு ஒன்பது கிலோமீட்டர் தள்ளி. அப்படியானால் தூக்கித்தான் கொடுத்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

கல்லறைக்கு வலப்புறம் ஐந்து சின்ன மேடுகள். ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் உள்ளங்கை அகலத்துக்குச் சிமெண்டுப் பலகை. ஈரத்தில் ஆணியால் கீறிய எழுத்து. செல்வராஜு கடைசி மேட்டின் பக்கத்தில் குந்தினார்.

"தம்பி, அஞ்சலைக்கு நாலு புள்ளைங்க வரிசையா தங்கல. அஞ்சாவது நீங்க. அப்ப எனக்கு ஆறு வயசு. ஒங்களக் காப்பாத்தணும்னு தவிட்டுக்கு வித்தாங்க. தெரியுமில்ல? ஒரு மொறம் தவிட்ட வாங்கிக்கிட்டு புள்ளய இன்னொரு வீட்டுக்குக் குடுக்குறது. தவிட்டுக்கு வித்த புள்ளய எமன் தொடமாட்டான்னு நம்பிக்கை. பக்கத்து லயத்துல காமாட்சின்னு ஒருத்தவங்க, புள்ள இல்லாதவங்க. அவங்கதான் வாங்குனாங்க. மூணு வருஷம் கழிச்சுத் தவிட்டத் திருப்பிக் குடுத்துட்டுப் புள்ளய வாங்கிக்கணும். இதான் பேச்சு."

"இந்த மேடு?"

"அது எமனுக்குக் காட்டுறதுக்கு. உள்ள வாழத்தண்டுதான் இருக்கு, வெள்ளத் துணியில சுத்தி வெச்சாங்க. புள்ள செத்துப்போச்சுன்னு ஆபீஸ்லயும் எழுதிக் குடுத்துட்டாங்க. எமன் வந்து புத்தகத்தப் பொரட்டிப் பாத்தாலும் ஏமாறணும் பாருங்க."

"அப்புறம்?"

அவர் மண்ணைக் கிளறிக்கொண்டே சொன்னார். "மூணு வருஷம் முடிய ஒரு மாசம் இருக்கறப்ப, சம்பளம் போட்ட மறுநாள் காமாட்சி வீடு காலி. வடக்க போயிட்டாங்கன்னு மட்டும்தான் பேச்சு."

"தேடலியா?" என்றாள் சரோஜா. குரலில் கோபம்.

"எப்படித் தேடுறது தங்கச்சி? அஞ்சல புருஷன் போலீசுக்குப் போறேன்னு கெளம்புனாரு. ஆபீஸ்ல கணக்கு எழுதுற கிராணி கேட்டாரு, செத்த புள்ளயக் காணோம்னு நீ எந்த வாயால சொல்லுவேன்னு. பொதச்சதுன்னு இவங்களே கையெழுத்துப் போட்டாச்சே."

காற்றில்லை. தூரத்தில் எங்கோ செம்பனைக் குலை வெட்டும் சத்தம்.

"தீபாவளிக்கு மொத நாள் எல்லாரும் பால் ஊத்த வருவோம். அஞ்சலயும் வரும். நாலு மேட்டுக்குப் பால் ஊத்தும். அஞ்சாவதுக்கு ஊத்தாது. ஒரு பிடி தவிட்ட மட்டும் வெச்சுட்டுப் போயிரும். பொம்பளைங்க சும்மா இருப்பாங்களா? 'என்னா அஞ்சல, ஓம் மவன் தவிட்டுலதான் பசியாறுவானா'ன்னு கிண்டல். அதுக்கு அது சொல்லும்: 'போங்கடி, செத்தவங்களுக்குத்தான் பாலு. எம் மவன் எங்கயோ சோறு திங்கறான். இது அவனத் திருப்பி வாங்கறதுக்கு.' கடைசி வருஷம் வரைக்கும் வெச்சுச்சு தம்பி. நடக்க முடியாதப்ப எங்கையில குடுத்து வுட்டுச்சு."

சரோஜா வாங்கி வந்திருந்த பால் பாக்கெட்டைப் பிரித்தாள். அஞ்சலைக்கு ஊற்றினேன். நான் பார்க்காத அக்காள் அண்ணன்மார் நால்வருக்கும் ஊற்றினேன். பாக்கெட்டில் மிச்சம் இருந்தது. சரோஜா அதை வாங்கி மூடிப் பையில் வைத்துக்கொண்டாள்.

திரும்பும்போது செல்வராஜு தயங்கித் தயங்கிக் கேட்டார். அடுத்த வருடம் இந்த இடத்தில் வீடு வருகிறதாம். எல்லாக் கல்லறைகளையும் டவுன் பக்கம் மாற்றுகிறார்களாம். "ஒங்க மேட்ட என்ன பண்ணட்டும் தம்பி? எலும்பு இல்லாதது. நோட்டுல அடிச்சிட்டா வேல முடிஞ்சது."

"அடிக்காதீங்கண்ணே. அந்த மண்ண ஒரு சாக்குல அள்ளி, அவங்க பக்கத்துலயே போட்டுருங்க."

தலையாட்டினார்.

பிற்பகல் இரண்டு மணிக்கு லார்கினில் பேருந்து. அதே எண்பத்தைந்து வெள்ளி. கூலாய் வெளிவாசல் இடப்பக்கம் வந்தது, போனது. ஜொகூர் என்றால் எனக்கு இத்தனை காலம் சரக்கு இறக்கும் ஊர். கெடாதான் என் ஊர். வயலும் மலையுமாக எனக்குத் தெரிந்த உலகம் அங்கேதான் தொடங்குகிறது என்று நினைத்திருந்தேன். அங்கே என் வீட்டுக் கூடத்தில் காமாட்சி அம்மாவின் படம் மாலையோடு தொங்குகிறது. எனக்கு அம்மை போட்டபோது பதினெட்டு நாள் உப்பில்லாமல் சாப்பிட்டவர். என் லாரி வர நேரமானால் வாசலைவிட்டு உள்ளே வராதவர். அவரைத் திருடி என்று சொல்ல நாக்கு வரவில்லை. சொல்லாமல் இருக்கவும் நெஞ்சு விடவில்லை. அந்தப் பத்திரத்தை ஏன் கிழித்துப் போடாமல் வைத்திருந்தார் என்பதை இனி யாரிடம் போய்க் கேட்பது?

யோங் பெங் ஊரைத் தாண்டியதும் சரோஜா மெல்லக் கேட்டாள்.

"என்னாங்க, வெள்ளிக்கெழம அத்தைக்கு வருஷத் திதி. சொந்தக்காரங்களுக்கெல்லாம் சொல்லியாச்சு. என்ன பண்ண?"

சட்டைப் பையில் இருந்த பத்திரத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

"பண்ணிரலாம். எல ரெண்டு போடு."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு என் பக்கம் திரும்பி, சமையல்கட்டில் கேட்பது போலச் சாதாரணமாகக் கேட்டாள்:

"மொதல்ல யார் எலையில பரிமாற?"

கோலாலம்பூர் வந்தது. ஈப்போ வந்தது. நான் இன்னும் சொல்லவில்லை.