சுத்தக்காரி அழித்த பூஜ்யங்கள்

அலுவலகத்தில் அவளுக்கு வைத்த பெயர் சுத்தக்காரி. மூடி தொலைந்த பேனா, பிடி உடைந்த கோப்பை என்று எது கண்ணில் பட்டாலும் குப்பைக்குப் போய்விடும். ஒருமுறை கணவர் குளித்துவிட்டு வருவதற்குள் அவருடைய ராசியான சட்டை தரை துடைக்கும் துணியாகிவிட்டது. மனுஷன் இன்றுவரை அந்தத் தரையைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறார்.

வேலையிலும் அதே கைதான். மருத்துவமனைகளுக்கு மென்பொருள் எழுதும் நிறுவனம் அது. நோயாளி எண்களைப் படிக்கும் ஒரு சின்ன பேக்கேஜ், அதாவது நிரல் தொகுப்பு, அவள் பொறுப்பு. வேறு பல பேக்கேஜ்கள் அதை நம்பித்தான் ஓடிக்கொண்டிருந்தன. எண்ணுக்கு முன்னால் பூஜ்யங்களைச் சேர்க்கும் பழைய வரிகள் சில அதில் கிடந்தன. யாராவது பயன்படுத்துகிறார்களா என்று நிறுவனத்தின் நிரல் முழுக்கத் தேடினாள். யாருமில்லை. அன்று காலை அழித்து, புதிய பதிப்பை வெளியிட்டுவிட்டாள். அதோடு விட்டாளா? அந்த வரிகளை இனி எந்தப் புண்ணியவானும் திரும்பக் கொண்டுவர முடியாதபடி ஒரு சோதனையையும் எழுதிச் சேர்த்தாள். அப்படி ஒரு வைராக்கியம்.

மதியம் தங்கையின் கணவர் போன் செய்தார். தங்கை பிரசவத்துக்குச் சேர்ந்திருந்தாள்.

"அக்கா, கொழந்தை நல்லாருக்கு. ஆனா அவளுக்கு ரத்தம் நிக்கல. அவசரத்துக்கு ஒரு பை ஏத்திட்டாங்க, பத்தாதாம். எந்த ரத்தம் சேரும்னு லேப்ல பார்த்து முடிச்சாச்சு, ரிசல்ட்டு மட்டும் வார்டு கம்ப்யூட்டருக்கு வரமாட்டேங்குது. போன்ல சொன்னா ஏத்துக்க மாட்டாங்களாம்."

"எப்பலேருந்து வரல?"

"காலையிலேருந்தே யாருக்கும் வரலையாம்."

காலையிலிருந்து. அந்த மருத்துவமனையில் ஓடுவதும் அவர்கள் நிறுவனத்தின் மென்பொருள்தான். வந்து குவிந்திருந்த புகார்களைத் திறந்தாள். லேப் பேக்கேஜ் விழுந்து கிடந்தது. பூஜ்யம் சேர்க்கும் வரிகளைக் காணோம் என்று புலம்பியிருந்தது. அந்த லேப் பேக்கேஜ் மருத்துவமனைக்காரர்களே தங்களுக்கு எழுதிக்கொண்டது. அவள் தேடிய இடத்தில் அது இல்லவே இல்லை. இல்லாத இடத்தில் தேடிவிட்டு யாருமில்லை என்று முடிவுகட்டியிருக்கிறாள்!

காலையில் அழித்ததைப் பழையபடி கொண்டுவர ரிவர்ட் கொடுத்தாள். திரை சிவந்தது. 'இந்த வரிகளைத் திரும்பச் சேர்க்க அனுமதியில்லை.' அவள் எழுதிய வாக்கியம்தான், அவளையே மறித்துக்கொண்டு நின்றது.

பக்கத்து நாற்காலியில் இருந்த கண்ணாடிக்காரர் எட்டிப் பார்த்தார். "மொதல்ல அந்த டெஸ்ட்டைத் தூக்குங்க. யாரு பார்த்த கிறுக்கு வேலை இது?" என்றவர், எழுதியவர் பெயரைப் படித்ததும் வாயை மூடிக்கொண்டார்.

சோதனையை நீக்கினாள். இன்னொருவர் ஒப்புதல் வேண்டும். கண்ணாடிக்காரர் மறுபேச்சில்லாமல் கொடுத்தார். புகாரோடு வந்திருந்த லேப் பேக்கேஜையும் இந்த முறை சேர்த்துக்கொண்டாள். கணினி ஒவ்வொரு பேக்கேஜாக ஓட்டிப் பார்க்கத் தொடங்கியது. எண்களைப் படிப்பது பச்சை. வார்டு பச்சை. லேப் மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது. தங்கையின் உடம்பிலிருந்து ரத்தம் போய்க்கொண்டிருப்பதை நினைக்காமல் இருக்க முடியவில்லை. மவுஸை விட்டுவிட்டு மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

பச்சை. உடனே வெளியிட்டாள்.

சிறிது நேரத்தில் போன். "வந்துருச்சுக்கா! ரத்தம் ஏத்தறாங்க. எந்த மடையன் கைய வச்சானோ, அவன் மட்டும் என் கையில கெடைச்சான்னா..."

"தம்பி, அது நான்தான்."

அவர் போனை வைத்துவிட்டார்.

அவள் மருத்துவமனைக்குப் போனபோது அவர் வார்டு வாசலில் நின்றிருந்தார். அழுத கண். அவள் முகத்தை அவர் பார்க்கவில்லை.

"கண்ணு முழிச்சிட்டா. உங்களத்தான் கேக்கறா. நான் ஒண்ணும் சொல்லல," என்று வழிவிட்டார். "நீங்களே சொல்லுங்க."

உள்ளேயிருந்து, பலவீனமாக, "அக்கா வந்துட்டாளா?" என்ற குரல் கேட்டது.