தொண்ணூறாம் கொக்கி

இது கதையில்லை. தேதி, மணி எல்லாம் என் கையெழுத்தில் பள்ளிப் பதிவேட்டில் இருக்கிறது. பேய் என்றால் நடுநிசி, பாழடைந்த வீடு என்று எதிர்பார்ப்பவர்கள் ஏமாந்துபோவீர்கள். எனக்கு நடந்ததெல்லாம் பட்டப்பகலில். அறுநூறு பையன்கள் இரைச்சல் போடும் ஒரு பள்ளிக்கூடத்தில்.

என் பெயர் வினிஃப்ரெட் கார்விக். லிங்கன்ஷயரில் ஸ்டோன்பி கிராமர் ஸ்கூலில் செக்ரெட்டரியாக இருந்தேன். கணவர் போய்ச் சேர்ந்தபின் எனக்கு இருந்தது அந்த வேலையும், என் மகன் நெவிலும்தான்.

எங்கள் ஊரில் பதினோரு வயதில் ஒரு பரீட்சை. தேறினால் கிராமர் ஸ்கூல். தேறாவிட்டால் ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் மாடர்ன் ஸ்கூல். அங்கே போனவன் பதினைந்து வயதில் தொழிற்சாலைக்குப் போவான். அவ்வளவுதான் அவன் ஆயுள்.

வருடத்துக்குத் தொண்ணூறு இடம். ஒவ்வொரு பையனுக்கும் ஓர் எண். கோட்டு மாட்டும் கொக்கி, பாட்டுப் புத்தகம், சாப்பாட்டு மேஜையில் நாற்காலி, எல்லாவற்றிலும் அந்த எண்தான். ஏழு வருடமும் அது மாறாது.

1959-ல் எண்பத்தொன்பது இடம் சுலபமாக நிரம்பிவிட்டது. கடைசி இடத்துக்கு இரண்டு பையன்கள் ஒரே மார்க். ஒருவன் என் நெவில். இன்னொருவன் லெஸ்லி ஸ்கேஃப். பதினோரு மைல் தள்ளி, கால்வாய் மதகுக்காரர் வீட்டுப் பையன்.

ஹெட்மாஸ்டர் ப்ராஸர் இருவரையும் நேரில் பார்த்துவிட்டு முடிவு செய்வதாகச் சொன்னார். ஏப்ரல் 16, வியாழக்கிழமை. நெவிலுக்கு மூன்று மணி. அந்தப் பையனுக்கு மூன்றரை.

அவன் தனியாக வந்தான். மூன்று மணி இருபத்தெட்டு நிமிடம். வெளியே நல்ல வெயில். அவன் தலைமுடி மட்டும் நெற்றியில் ஈரமாக ஒட்டியிருந்தது. யாரோ முகம் கழுவிவிட்டு அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

“அம்மா வரலையாப்பா?”

“வரல மிஸ்.”

“பிஸ்கட் எடுத்துக்கோ.”

எடுத்துக்கொண்டான். சாப்பிடவில்லை. கையில் வைத்துக்கொண்டே உள்ளே போனான்.

நாலு மணிக்கு ப்ராஸர் வெளியே வந்தார். “உங்க பையன் நல்ல பையன்தான் மிஸஸ் கார்விக். ஆனா அந்த ஸ்கேஃப் இருக்கானே... படிக்கணும்கற வெறி அவன் கண்ணுல இருக்கு. நான் இத்தனை வருஷத்துல அப்படி ஒரு பையனைப் பாத்ததில்ல. மன்னிச்சுக்குங்க.”

“பரவாயில்ல சார்” என்றேன்.

பட்டியலில் ஸ்கேஃபுக்கு எதிரே பென்சிலால் டிக் போட்டு என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். நாலு மணி இருபது. அறையில் யாரும் இல்லை. ரப்பரை எடுத்தேன். டிக்கை அழித்தேன். மேல் வரிசையில் நெவில் பெயருக்கு எதிரே போட்டேன்.

மூன்று நிமிடம்கூட ஆகவில்லை.

தேறியவர்களுக்குத் தடிமனான கவர் போகும். உள்ளே சீருடைப் பட்டியல் இருக்கும். தேறாதவர்களுக்கு ஒற்றைத் தாள், மெல்லிய கவர். ப்ராஸர் முதல் கடிதத்தை மட்டும்தான் படிப்பார். மற்றதில் கடகடவென்று கையெழுத்து. ஜூலையில் அவர் ஓய்வு பெற்றுக் கடற்கரை ஊருக்குப் போய்விட்டார். ஹேய்டன் என்று புது ஹெட்மாஸ்டர் வந்தார்.

யாருக்கும் தெரியாது. எனக்குக் குற்ற உணர்ச்சிகூட வரவில்லை. ஒன்றுமே வரவில்லை.

செப்டம்பரில் பள்ளி திறந்தது. நெவிலுக்கு எண் தொண்ணூறு.

மூன்றாம் நாள் சாயங்காலம் அவன் கேட்டான். “அம்மா, என் கொக்கில வேற யாரோ கோட்டு மாட்றாங்க.”

“யாருடா?”

“தெரியல. நான் போறப்ப கோட்டு இருக்காது. தண்ணி மட்டும் சொட்டியிருக்கும்.”

மறுநாள் காலை 9.10-க்குப் போய்ப் பார்த்தேன். எண்பத்தொன்பது கொக்கிகளுக்குக் கீழே தரை காய்ந்திருந்தது. கடைசிக் கொக்கிக்குக் கீழே ஒரு தட்டு அகலத்துக்குத் தண்ணீர். அதில் பச்சையாக ஏதோ பாசி.

பள்ளிக் காவலாளி பர்கெட் ஏணி போட்டுக் கூரையைத் தட்டிப் பார்த்தார்.

“ஒரு ஓட்டையும் இல்லம்மா. உங்க பையன் பாக்கெட்டுல தவளை வளக்கறான். கேட்டுப் பாருங்க.”

பையன்களும் விடவில்லை. “ஏ தொண்ணூறு, நேத்து ஆத்துலயாடா படுத்தே?” என்று கேட்டுச் சிரித்தார்கள்.

அக்டோபருக்குள் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது. யாரும் நெவிலைக் கேலி செய்யவில்லை. பேசவும் இல்லை. அவன் சாப்பாட்டு மேஜைக்குப் போகும்போது தொண்ணூறாம் நாற்காலிக்கு முன்னால் இருக்கும் தட்டு காலியாக இருக்குமாம். உருளைக்கிழங்கு, இறைச்சி எல்லாம் தின்று முடித்த தட்டு. அவன் அதன் எதிரே உட்கார்ந்துவிட்டு எழுந்து வருவானாம்.

“சமையல்காரம்மாகிட்ட கேக்கறதுதானே?”

“கேட்டேன்மா. ‘இப்பத்தானே சாப்பிட்டே’ங்கறாங்க.”

கிறிஸ்துமஸுக்கு முதல் ரிப்போர்ட் வந்தது. லத்தீனில் வகுப்பிலேயே முதல். கணக்கில் இரண்டாவது. நான் சந்தோஷப்பட்டேன். அந்த வருடத்தில் நான் பட்ட ஒரே சந்தோஷம் அதுதான். லத்தீன் நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன்.

நெவில் எழுதினால் கோழி கிளறினது போலிருக்கும். அந்த நோட்டில் எழுத்து குண்டு குண்டாக, வரிசையாக இருந்தது. பக்கங்கள் எல்லாம் நனைந்து காய்ந்த மாதிரி உப்பியிருந்தன.

“நான் எழுதலம்மா. நோட்டைத் தொறக்கறப்பவே எழுதியிருக்கு.”

“சாருக்குத் தெரியுமா?”

“என்னன்னு சொல்றது?”

நானும் சொல்லவில்லை. மார்க் வருகிறதே என்று இருந்துவிட்டேன்.

இனி வருவதைத்தான் நீங்கள் நம்பமாட்டீர்கள்.

1960 பிப்ரவரி 11, வியாழக்கிழமை. நெவிலுக்குப் பொன்னுக்கு வீங்கி. தாடை வீங்கி வீட்டில் படுத்திருந்தான். பக்கத்து வீட்டு அம்மாளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வேலைக்கு வந்தேன்.

காலை 10.40. தீ ஒத்திகை மணி அடித்தது.

பருவத்துக்கு ஒருமுறை இது உண்டு. எல்லோரும் மைதானத்தில் வரிசையாக நிற்க வேண்டும். நெவில் வருடத்துப் பையன்களின் பதிவேடு என் பொறுப்பு, அதோடு ஓடுவேன். பெயர் கூப்பிட நேரம் இருக்காது. பையன்கள் அவரவர் எண்ணைச் சொல்லுவார்கள். நான் டிக் போடுவேன்.

பனி. பத்தடிக்கு மேல் முகம் தெரியவில்லை.

“ஒண்ணு.” “ரெண்டு.” “மூணு.”

டிக். டிக். டிக்.

“எண்பத்தெட்டு.”

“எண்பத்தொம்பது.”

பேனாவை மூடப் போனேன். தொண்ணூறு வீட்டில் இருக்கிறான்...

“தொண்ணூறு.”

நிமிர்ந்து பார்த்தேன்.

வரிசையின் கடைசியில் பனிதான் இருந்தது.

அந்தக் குரல் எனக்குத் தெரியும்.

‘வரல மிஸ்’ என்ற அதே குரல்.

“எத்தனை மிஸஸ் கார்விக்?” ஹேய்டன் தூரத்திலிருந்து கத்தினார்.

“தொண்ணூறு சார்” என்றேன்.

என் கை டிக் போட்டிருந்தது.

வீட்டுக்குப் போனபோது நெவில் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். தாடை வீக்கம் வடிந்திருந்தது. ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டான். “அம்மா, நான் இல்லாட்டியும் அங்க சரியா இருந்துச்சில்ல?”

நான் சமையலறைக்குப் போனேன். சூப்பைச் சூடாக்கிக் கொடுத்தேன்.

மார்ச், ஏப்ரல், மே... நாட்கள் போயின. கால்பந்து முடிந்து கிரிக்கெட் வந்தது. நான் சுற்றறிக்கை அடித்தேன், உடைந்த ஜன்னலுக்கு ஆள் சொன்னேன், பரீட்சைத் தாள் எண்ணி வைத்தேன். நெவில் காலையில் போனான், மாலையில் வந்தான். வீட்டில் ஒரு வார்த்தை பேசமாட்டான். ஆசிரியர்கள் மட்டும் என்னைப் பார்க்கும்போதெல்லாம் சிரித்தார்கள். “உங்க பையன் கேக்கற கேள்விக்கு நானே வீட்டுல படிச்சுட்டு வரவேண்டியிருக்கு” என்றார் லத்தீன் ஆசிரியர் டன்ஸ்டன்.

என் பையன் எந்தக் கேள்வியும் கேட்பவன் இல்லை.

ஜூலை 21. பரிசளிப்பு நாள். மதியம் 2.30.

மேடையில் நிர்வாகக் குழுத் தலைவர், கறுப்பு அங்கியோடு. பக்கத்தில் நின்று நான் புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்கிறேன். கீழே பையன்கள் எண் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். கடைசி நாற்காலியில் நெவில்.

“முதல் வருட லத்தீன் பரிசு... கார்விக்.”

கை தட்டினார்கள்.

நெவில் எழுந்திருக்கவில்லை. மடியில் கையை வைத்துக்கொண்டு அதையே பார்த்தபடி இருந்தான்.

சளக்.

படியில் ஒரு சத்தம். தண்ணீர் நிரம்பிய ஷூவை மிதித்து நடக்கிற சத்தம்.

சளக்... சளக்...

படி நனைந்தது. ஒவ்வொன்றாக.

தலைவர் குனிந்து சிரித்தார். புத்தகத்தை நீட்டினார்.

புத்தகம் அவர் கையை விட்டுப் போனது.

கை குலுக்கினார்.

பிறகு உள்ளங்கையை அங்கியில் துடைத்துக்கொண்டார்.

சபையில் ஒருவர் முகமும் மாறவில்லை. எல்லோருக்கும் ஒரு பையன் தெரிந்திருக்கிறான். எனக்கு மட்டும்தான் தெரியவில்லை.

நான் மேடையை விட்டு இறங்கினேன். கடைசி வரிசைக்குப் போனேன். எண்பத்தொன்பதாம் பையனிடம், “கொஞ்சம் நகருப்பா, நெவில் வெளிய வரணும்” என்றேன்.

அவன் என்னை விநோதமாகப் பார்த்தான்.

“நெவில் மேடையில இருக்கான் மிஸ்.”

நெவில் அவன் தோளை ஒட்டி உட்கார்ந்திருந்தான்.

என் மகன் கையைப் பிடித்தேன். ஐஸ் போல இருந்தது. நடுக் கூடத்தில் அவனை இழுத்துக்கொண்டு நடந்தேன். ஒரு தலைகூடத் திரும்பவில்லை.

வாசலைத் தாண்டி வெயிலுக்கு வந்ததும் அவன் சொன்னான். “பசிக்குதும்மா.” ஐந்து மாதத்தில் அவனாக வாய்விட்டுக் கேட்டது அதுதான் முதல் தடவை.

மறுநாளே அவன் பெயரை நீக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். ஹேய்டன் என்னை மேலும் கீழும் பார்த்தார். “லத்தீன்ல பரிசு வாங்கின பையனையா நிறுத்தறீங்க? உங்களுக்கு உடம்பு சரியில்லையா?”

“அக்கரை ஸ்கூல் போதும் சார்.”

ஆகஸ்டில் ஒரு நாள் பஸ் ஏறி மதகு வீட்டுக்குப் போனேன். உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் போனேன். உங்கள் மகன் இடத்தை நான் திருடினேன் என்று. அந்தப் பையன் தன்னைத்தானே ஏதோ செய்துகொண்டிருப்பான், என் கடிதத்தைப் பார்த்துவிட்டுக் கால்வாயில் இறங்கியிருப்பான் என்று எனக்குள் முடிவாகவே இருந்தது.

மிஸஸ் ஸ்கேஃப் மெலிந்த பெண். டீ போட்டுக் கொடுத்தாள். என் பள்ளிப் பெயரைக் கேட்டதும் அடுப்பு மாடத்தைக் காட்டினாள். அங்கே இரண்டு கவர். இரண்டும் என் டைப்ரைட்டரில் விலாசம் அடித்தவை. இரண்டும் ஒட்டியது ஒட்டியபடி.

“பிரிக்கவே இல்லைங்க. பிரிச்சு என்ன ஆகப் போகுது?”

கவர்களுக்குப் பக்கத்தில் ஒரு புத்தகம். எங்கள் பள்ளி முத்திரை போட்டது. தண்ணீரில் ஊறி உப்பியிருந்தது.

“இது போன மாசம் வாசல்ல கிடந்துச்சு. யாரு போட்டாங்கன்னே தெரியல.”

அட்டையைத் திறந்தேன். பரிசுச் சீட்டு என் கையெழுத்து. பெயர் எழுதிய இடத்தில் மை கரைந்து போயிருந்தது. எண் மட்டும் அழியவில்லை.

90.

“நீங்க ஸ்கூல்லேந்துதானே வர்றீங்க? சொல்லுங்க. லெஸ்லி பாஸ் பண்ணிட்டானா?”

நான் அட்டையை மூடினேன்.

“பாஸ்தான்” என்றேன். “கடைசி இடம் அவனுக்குத்தான்.”

அவள் தலையாட்டினாள். “பாவம், அந்த நேர்காணலுக்குக் கூப்பிடுவாங்களா, கூப்பிடுவாங்களான்னு கேட்டுக்கிட்டே இருந்தான்.”

“நேர்காணலுக்குத்தான் வந்தானே” என்றேன். “தனியா வந்தான். நான்தான் உள்ள கூட்டிட்டுப் போனேன்.”

அவள் டீக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

“யாரு வந்தது? ஈஸ்டர் லீவுல மதகுல விழுந்தான். ஏப்ரல் ஏழு. உங்க முதல் கடுதாசி வந்தப்ப நாங்க அவனை அடக்கம் பண்ணிட்டு வந்து உக்காந்திருந்தோம்.”

ஏப்ரல் ஏழு.

நான் அவனுக்குப் பிஸ்கட் கொடுத்தது பதினாறு.

நெவில் அக்கரைப் பள்ளியில் படித்தான். தச்சு கற்றுக்கொண்டான். இன்று நன்றாகத்தான் இருக்கிறான். கிராமர் ஸ்கூலில் இருந்த அந்த ஒரு வருடம் அவனுக்கு ஞாபகமில்லை. “நான் எப்பம்மா அங்க படிச்சேன்?” என்று கேட்கிறான்.

அந்த 1960 செப்டம்பரில் மறுபடி தீ ஒத்திகை வந்தது. இரண்டாம் வருடப் பையன்கள். தொண்ணூறாம் வரியில் நெவில் பெயரைக் கோடு போட்டு அடித்திருந்தேன். நல்ல வெயில். எண்பத்தொன்பது பேர்தான் நின்றார்கள். நானே விரல் விட்டு எண்ணினேன்.

“எண்பத்தெட்டு.”

“எண்பத்தொம்பது.”

காத்திருந்தேன்.

“தொண்ணூறு.”

டிக் போட்டேன்.